இரவில் மட்டும் கூடுதலாகச் சூடான பீட்டில்: ஒயில் வெப்பமானி ஒன்றின் ஆய்வு

கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் 1968ஆம் ஆண்டின் வொக்ஸ்வாகன் பீட்டில் 1300 ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் ஆசையாக ஒயில் வெப்பமானி ஒன்றைப் பொருத்திக்கொண்டார். அன்று முதல் அவருக்கு நிம்மதி போயிற்று. மாலை நெரிசலில் காலி வீதி வழியாக வீடு வந்து சேர்வதற்குள் ஊசி 107 பாகை செல்சியஸைத் தொட்டது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் கொட்டாவையில் ஏறிக் காலி நோக்கிப் போனபோது 130ஐத் தாண்டியது. கேட்ட கராஜ்களில் எல்லாம் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும் என்றே சொன்னார்கள். ஒருவர் புதிய பிஸ்டன் தொகுதிக்கு விலையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் வாகன மின்வேலை செய்பவன். எஞ்சினைத் திறப்பதற்கு முன், அது சூடாக இருக்கிறது என்று சொல்லும் சாட்சியை விசாரிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த விசாரணையைப் பற்றியது.

இந்தக் காரில் ஒயிலின் வெப்பம் ஏன் அவ்வளவு முக்கியம்

பீட்டிலின் எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது. பின்புறத்தில் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்களையும் ஒரு விசிறிதான் குளிர்விக்கிறது. அந்த விசிறி டைனமோவின் அச்சிலேயே பூட்டப்பட்டிருப்பதால் இரண்டையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் மின்னேற்றம் நின்றுவிட்டது என்று மட்டும் கொள்ளக் கூடாது. பெல்ட் அறுந்து விசிறியும் நின்றிருக்கலாம். முன்பலகையில் இதைத் தவிர ஒயில் அழுத்தத்துக்கு ஒரு பச்சை விளக்கு இருக்கிறது. வெப்பத்தைச் சொல்ல எதுவும் இல்லை.

காற்று சுமக்காத வெப்பத்தை ஒயில் சுமக்கிறது. அதன் அளவோ வெறும் 2.5 லீற்றர்தான். அதைக் குளிர்விக்கும் சிறிய ஒயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. கூலரைக் கடந்து சூடேறிய காற்றே அந்தச் சிலிண்டருக்குப் போய்ச் சேருகிறது. இதைக் கண்ட வொக்ஸ்வாகன் நிறுவனம் 1971ஆம் ஆண்டு மாதிரிகளில் பெரிய எஞ்சின்களுக்குக் கூலரை ஒதுக்கி வைத்துத் தனிக் காற்று வழி அமைத்தது. ஆசிரியரின் கார் அதற்கு முந்தையது. இதில் ஒயில் சூடேறினால் மூன்றாம் சிலிண்டரும் சேர்ந்து சூடேறும். எனவே வெப்பமானி வேண்டும் என்று அவர் எண்ணியது முற்றிலும் சரி. முன்பலகையில் துளை போடாமல், அதன் கீழே சிறு தாங்கியில் மானியை மாட்டச் சொன்னதும் சரி. 50 முதல் 150 பாகை வரை காட்டும் வி.டி.ஓ. என்ற நிறுவனத்தின் வகை மானி, பழைய காருக்கு உறுத்தாத முகம்.

சம்பில், அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் இடத்தில், இருக்கும் ஒயில் 80 முதல் 100 பாகைக்குள் இருந்தால் இந்த எஞ்சின் சுகமாக இருக்கிறது. 110 வரை போவது கடும் ஓட்டத்தில் நடப்பதுதான். 120ஐத் தாண்டினால் காலை எடுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கில் 130 என்பது பேரபாயம். ஆனால் உண்மையிலேயே அது 130 தானா?

முதல் தடயம்

காரைக் கொண்டுவந்தபோது ஆசிரியர் இப்படிச் சொன்னார்: "தம்பி, பகலை விட இரவில்தான் இது கூடச் சூடாகிறது. வெயில் இல்லாத நேரத்தில் ஏன் கூட வேண்டும்?"

முந்தைய கராஜ்களில் இந்தக் கேள்வியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கொழும்பில் இரவிலும் புழுக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள். இந்த வழக்கு முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள வாக்கியத்தை நான் கேட்கவில்லை. கணித ஆசிரியர் அல்லவா, தரவை ஒழுங்காகக் கவனித்திருந்தார்.

எஞ்சினை ஓட விட்டு, சற்று வேகமான சுழற்சியில் வைத்தோம். "மாஸ்டர், இப்போது ஹெட்லைட்டைப் போடுங்கள், ஊசியை மட்டும் பாருங்கள்" என்றேன். விளக்கு எரிந்த அதே கணத்தில் ஊசி ஏழெட்டுப் பாகை ஏறியது. அணைத்ததும் இறங்கியது. இரண்டரை லீற்றர் ஒயில் ஒரு நொடியில் எட்டுப் பாகை சூடாகி, அடுத்த நொடியில் ஆறவும் செய்யுமா? அது மின்சாரத்தின் வேலை.

காரணம் இதுதான். பீட்டிலின் எஞ்சினும் கியர்பெட்டியும் இறப்பர்த் தாங்கிகளில் நிற்கின்றன. உடலோடு அவற்றை மின்வழியில் இணைப்பது, கியர்பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் பின்னல் கம்பிப் பட்டை ஒன்றுதான். டைனமோ தரும் மின்னோட்டம் விளக்குகளுக்குப் போய், உடல் வழியாகத் திரும்பி, இந்தப் பட்டையைக் கடந்தே எஞ்சினுக்குச் சேர வேண்டும். பட்டை துருப்பிடித்திருந்தால் அதில் வோல்ட் இழப்பு ஏற்படும். அப்போது எஞ்சின் உடலும் காரின் உடலும் ஒரே மட்டத்தில் இருக்க மாட்டா. வெப்பமானி தன் எர்த்தை, அதாவது மின்சாரம் திரும்பும் இணைப்பை, காரின் உடலில் எடுக்கிறது. ஒயிலின் சூட்டை உணர்ந்து மானிக்குச் சொல்லும் சென்சரோ எஞ்சினில் எடுக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மானி வெப்பம் என்று எண்ணிக்கொள்கிறது. விளக்கு எரியும்போது மின்னோட்டம் கூடும், வேறுபாடும் கூடும். இரவில் மட்டும் கார் சூடாகும் அதிசயம் இவ்வளவுதான்.

பின் இருக்கைக்கு அடியில் இருக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்டிமீற்றரை வைத்து அளந்தபோது, ஹெட்லைட் எரிகையில் அரை வோல்டுக்கு மேல் காட்டியது. பத்தில் ஒரு பங்கு வோல்டைத் தாண்டினாலே நான் பட்டையைக் கழற்றிவிடுவேன். கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கும் கார் அது. பட்டையின் இழைகள் பச்சையாகப் பொடிந்து வந்தன. புதிய பட்டை போட்டு, இரு முனைகளையும் வெள்ளை உலோகம் தெரியும் வரை தேய்த்து, பூட்டிய பிறகு கிரீஸ் பூசினோம். விளக்குக்கு ஊசி அசைவது நின்றது.

அதோடு இரவின் கதை முடிந்தது. பகலின் 107 அப்படியே இருந்தது.

கொதிக்கும் தண்ணீரில் சென்சர்

மானி வேறு, சென்சர் வேறு. இரண்டையும் தனித்தனியே சோதிக்காமல் எதையும் சொல்ல முடியாது.

மானியைச் சோதிப்பது எளிது. இந்த 150 பாகை மானிக்கு உரிய சென்சரின் தடை 50 பாகையில் சுமார் 322 ஓம், 100 பாகையில் சுமார் 62 ஓம், 150 பாகையில் சுமார் 19 ஓம். சூடு ஏற ஏறத் தடை குறையும் வகை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 47 ஓம், 15 ஓம் தடைகள் இரண்டைத் தொடராகப் பற்றவைத்தால் 62 ஓம் வந்துவிடும். சென்சரின் வயரைக் கழற்றி, அதன் இடத்தில் இந்தச் சோடியை வைத்து மறுமுனையை எர்த்தில் தொட்டேன். ஊசி 100இல் நின்றது. மானி நேர்மையானது.

சென்சருக்குக் கொதிநீர்ச் சோதனை. கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பது இதற்கு நல்ல வசதி. கொதிக்கும் தண்ணீர் இங்கே 100 பாகை. வேறு கருவி எதுவும் வேண்டாம். இதையே ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் செய்தால் தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். அந்த ஆறு பாகையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நல்ல சென்சரைக் குற்றம் சொல்ல நேரும். சென்சரைக் கம்பியில் கட்டிப் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். அடித்தகடு தண்ணீரை விடச் சூடானது. மல்டிமீற்றரின் ஒரு முனையை சென்சரின் இணைப்பிலும் மற்றதை அதன் உலோக உடலிலும் பிடித்து, எண் நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

62 வர வேண்டிய இடத்தில் 38 வந்தது.

38 ஓம் என்ற எண் எனக்குப் பழக்கமானது. அதே குடும்பத்தில் 120 பாகை வரை மட்டும் அளக்கும் இன்னொரு சென்சர் உண்டு. தண்ணீர் உள்ள எஞ்சின்களுக்கு அது போதும். குளிர்விக்கும் தண்ணீர் 120ஐத் தாண்டிப் போவதில்லை. அதன் தடை 40 பாகையில் சுமார் 287 ஓம், 100 பாகையில் 38 ஓம், 120 பாகையில் 23 ஓம். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் இடத்தில் மற்றது புரி பிசகாமல் ஏறிவிடும். பொருளை விற்ற கடையில் புரி பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 150 பாகை மானிக்கு 38 ஓம் என்றால் ஏறத்தாழ 118 பாகை. ஆகவே ஒயில் உண்மையில் 100இல் இருக்கும்போது ஊசி 118 காட்டும். 90இல் இருக்கும்போது 107. 110இல் இருக்கும்போது 129. இந்தப் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லாமல் சூடு ஏற ஏறக் கூடிக்கொண்டும் போகிறது. பயப்பட வேண்டிய இடத்தில்தான் அதிகம் பயமுறுத்துகிறது. ஆசிரியர் இதைக் கேட்டதும் என் மேசையிலிருந்த தாளை எடுத்து இரண்டு வளைகோடுகளையும் வரைந்து பார்த்தார். காலி வீதியின் 107 என்பது 90. எஞ்சினைத் திறக்கச் சொன்னவர்கள் 90 பாகை ஒயிலுக்காகத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அவர்களில் ஒருவராவது ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கலாம்.

சென்சர் நிற்க வேண்டிய இடம்

சரியான சென்சரை, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்தோம். அங்கே வாங்குபவர்களுக்கு ஒரு வழி: கையில் மல்டிமீற்றரோடு போங்கள். கடைக்குள் ஒரே வெப்பத்தில் கிடக்கும் இரண்டு சென்சர்களில் 150 பாகை வகையின் தடை, 120 வகையை விடத் தெளிவாகக் கூடுதலாக இருக்கும். பெட்டி மாறியிருந்தாலும் தடை பொய் சொல்லாது.

எங்கே பொருத்துவது என்பதில் பீட்டில்காரர்களிடையே தீராத வாதம் உண்டு. ஒயில் அளவுக் கோலின் இடத்தில் செருகும் சென்சர் இருக்கிறது; கழற்றி மாட்ட வசதியானது, ஆனால் அதன் எர்த் கோல் குழாயின் தொடுகையை நம்பியிருக்கிறது, ஒயில் படிந்த தொடுகை நிலையானதல்ல. ஒயில் அழுத்தச் சுவிட்சின் இடத்தில் டீ-இணைப்புப் போட்டுப் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஒயில் ஓடாமல் தேங்கி நிற்பதால் உண்மையை விடக் குறைவாகவே காட்டும். மேலும், பச்சை விளக்கின் வழியில் எதையும் கூட்டிக் குறைக்க நான் விரும்புவதில்லை. வெப்பமானி இல்லாமல் இந்தக் கார் ஐம்பது ஆண்டுகள் ஓடியிருக்கிறது. அழுத்த விளக்கு இல்லாமல் ஒரு நாள் கூட ஓடக் கூடாது.

நான் தேர்ந்தெடுத்தது முன்பு இருந்த இடமேதான்: சம்பின் அடியில், வடிவலைத் தட்டின் நடுவிலுள்ள வடிகால் மூடிக்குப் பதிலாக. அதன் புரி 14 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்டது. தாங்கிகளிலிருந்தும் சிலிண்டர் தலைகளிலிருந்தும் திரும்பி வரும் ஒயில் அனைத்தும் கலந்து நிற்கும் இடம் இது. எஞ்சினுக்குள் இதைவிடச் சூடான இடங்கள் இருக்கின்றன. கூலரைக் கடந்து வரும் ஒயில் இதைவிடக் குளிர்ந்தது. அதனால்தான் நண்பரின் காரில் 85 காட்டுகிறதே, என் காரில் 95 காட்டுகிறதே என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. சென்சர் எங்கே இருக்கிறது, எந்த வகை என்ற இரண்டும் தெரியாத எண் வெறும் எண். நான் மேலே தந்த 80, 100, 120 என்ற அளவுகளும் சம்பில் அளந்தால் மட்டுமே செல்லும்.

இந்த இடத்துக்குக் குறையும் உண்டு. சென்சரின் தலை தட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளவத்தை ஒழுங்கைகளின் வேகத்தடைகளைச் சாய்வாக, மெதுவாகக் கடக்க வேண்டும். ஒக்டோபர் மழையில் வீதியில் தண்ணீர் தேங்கினால் இணைப்பு நனையும். இறப்பர் உறை போட்டு உள்ளே கிரீஸ் நிரப்பினேன்.

பொருத்தும்போது இரண்டு இடங்களில் கை பதமாக இருக்க வேண்டும். தட்டைப் பிடித்திருக்கும் ஆறு மூடு நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீற்றர் இறுக்கமே போதும். எஞ்சின் கூடு மக்னீசியக் கலவை; பலம் காட்டினால் திருகு தண்டு புரியோடு பிடுங்கிக்கொண்டு வரும், பிறகு அந்தச் செலவு வெப்பமானியின் விலையைப் பல மடங்கு தாண்டும். இரண்டு காகித கேஸ்கெட்டுகளும் செப்பு வாஷர்களும் புதிதாக இருந்தால் இந்த இறுக்கத்திலேயே ஒழுகாது. மற்றது, சென்சரின் புரியில் ஒழுக்கை அடைக்கும் வெள்ளை நாடா சுற்றக் கூடாது. எர்த் அந்தப் புரி வழியாகத்தான் போகிறது. நாடா தடையைக் கூட்டினால் மானி குறைவாகக் காட்டும். இது முன்னைய பிழையை விடக் கொடியது. கூடக் காட்டும் மானி பணத்தைக் கொல்லும், குறையக் காட்டும் மானி எஞ்சினைக் கொல்லும்.

சென்சரின் நுனி வடிவலையைத் தொடுகிறதா என்றும் பூட்டுவதற்கு முன் பார்த்துக்கொண்டேன். வலை நசுங்கினால் ஒயில் இழுப்புத் தடைப்படும்.

வயர் வேலை சுருக்கமானது. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் 15ஆம் எண் இணைப்பிலிருந்து பியூஸ் வழியாக மானிக்கு ஒரு வயர், 31ஆம் எண்ணான எர்த்துக்கு ஒன்று, முன்பலகை விளக்குக்கு 58இலிருந்து ஒன்று. சென்சர் வயர் காரின் முழு நீளத்தையும் கடந்து பின்னால் போக வேண்டியிருப்பதால் மூலக் கம்பிக் கட்டை ஒட்டியே நடத்தி, எஞ்சின் அறைச் சுவரில் இறப்பர் வளையத்தின் வழியாக நுழைத்தேன். அந்த வயர் எங்காவது உரசித் தோல் போய் உடலைத் தொட்டால் ஊசி 150இல் போய் ஒட்டிக்கொள்ளும். ஊசி முழுதாகச் சாய்ந்து அசையாமல் நின்றால், எஞ்சினை அணைத்துவிட்டு முதலில் வயரைத் தேட வேண்டும்.

உண்மையான எண்கள் காட்டிய உண்மையான குறை

புதிய சென்சரோடு காலி வீதியின் மாலை நெரிசலில் 88 முதல் 92 வரை. நெரிசலில் நிற்பதுதான் பீட்டிலுக்குப் பெரும் சோதனை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சும்மா சுழலும் எஞ்சின் உண்டாக்கும் வெப்பம் குறைவுதான். தொடர்ந்து வேகமாக ஓடும்போதே ஒயில் அதிகம் சூடாகிறது.

அதிவேக நெடுஞ்சாலையில் அது தெரிந்தது. மணிக்கு 80 கிலோமீற்றரில் சீராகப் போகையில் ஊசி 112ஐத் தொட்டு, மேலும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. வேகத்தை 70ஆகக் குறைத்ததும் நின்றது. பேரபாயம் இல்லை என்றாலும் இது கூடுதல்தான். அப்படியானால் பழைய மானி முழுக்கப் பொய் சொல்லவில்லை. ஒரு சிறு உண்மையைப் பெரும் பொய்யால் மூடி வைத்திருந்தது. பிஸ்டனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் யாரும் எஞ்சின் அறையின் ஓரங்களைப் பார்க்கவில்லை.

பெல்ட் சரியாக இருந்தது. ஒயில் 20டபிள்யூ-50, அளவும் சரி. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளுக்கும் உடலுக்கும் இடையில் ஓட வேண்டிய இறப்பர் ஓரப்பட்டை பாதி நீளத்துக்கு மேல் இல்லை. எப்போதோ எஞ்சினை இறக்கி ஏற்றியவர்கள் அதைத் திரும்பப் போடவில்லை. அந்தப் பட்டை அழகுக்காக வைத்ததல்ல. விசிறி மேல் அறையிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துச் சிலிண்டர்கள் மேல் ஊதி, சூடான காற்றைக் கீழே தள்ளுகிறது. மேலுக்கும் கீழுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், கீழே தள்ளிய சூடான காற்றையே, புகைக்குழாயின் சூட்டோடு சேர்த்து, விசிறி மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். சைக்கிள் வேகத்தில் போகும் நகருக்குள் இது பெரிதாகத் தெரியாது. விசிறி வேகமாக இழுக்கும் நெடுஞ்சாலையில் தெரிந்துவிடும்.

புதிய ஓரப்பட்டை போட்டு, பிளந்திருந்த ஸ்பார்க் பிளக் வயர்களின் இறப்பர் மூடிகளையும் மாற்றினோம். அந்த மூடிகளும் விசிறிக் காற்று வீணாக வெளியேறாமல் அடைப்பவை. பிறகு அதே நெடுஞ்சாலையில், அதே 80 கிலோமீற்றரில் ஊசி 103, 104இல் நிலைத்தது. கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தை இரண்டாம் மூன்றாம் கியரில் ஏறி முடித்தபோது 106; உச்சியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் 100க்குக் கீழே இறங்கிவிட்டது. எஞ்சின் திறக்கப்படவில்லை.

மானியின் வகை, சென்சரின் வகை, பொருத்திய இடம், 62 ஓமுக்கு ஊசி நிற்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பற்றவைத்த தடைச் சோடியையும் அதோடு ஒட்டிக் காரின் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். ஆசிரியர் தாம் வரைந்த இரண்டு வளைகோடுகளையும் அதோடு சேர்த்துவிட்டார். அடுத்த ஒயில் மாற்றத்தின்போது வடிவலையைக் கழுவி, கேஸ்கெட்டுகளையும் வாஷர்களையும் புதிதாகப் போட வேண்டும். எர்த் பட்டையின் வோல்ட் இழப்பை மறுபடி அளக்க வேண்டும். விசிறிக் கூட்டுக்குள், சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடிக் காற்றைக் கட்டுப்படுத்தும் வெப்பக் கதவுகளை இன்னும் பார்க்கவில்லை. அதற்குக் கூட்டைக் கழற்ற வேண்டும் என்பதால், டைனமோ பிரஷ் மாற்றும் வேலையோடு சேர்த்துச் செய்வதாகப் பேசி வைத்திருக்கிறோம்.